சுமைகாரன் சாப்பாடு

புதிதாக லாரி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, நின்றால் முழங்கால் வலிக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கியர் மாற்றுவதையும் மலை இறக்கத்தில் வண்டியை எஞ்சினிலேயே பிடித்து இறக்குவதையும் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது டிரைவருடைய வயிற்றைப் பற்றி. சிரிக்காதீர்கள். நாங்களும் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கொல்லிமலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் காண்ட்ராக்டர் முகாம் போட்டிருந்தார். ஜல்லியையும் சிமெண்டையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, ரோடு எதுவரை வெட்டியிருக்கிறதோ அதுவரை போய் இறக்கிவிட்டு வருவது எங்கள் வேலை. நான் பேளுக்குறிச்சிக்காரன். ஏற்கெனவே சேலம் ரோட்டில் சில வருஷம் ஓட்டியவன் என்பதால் முகாமில் இருந்த டிரைவர்களுக்கெல்லாம் நான் மூத்தவன்.

சடையன் அங்கே மண் வெட்ட வந்தவன். மலைமேல் குண்டனி நாட்டுக்காரன். ரோடு வருவதற்கு முன்னால் அவனுக்குச் சுமை தூக்குவதுதான் பிழைப்பு. மேலேயிருந்து மிளகும் பலாப்பழமும் தலையில் ஏற்றிக்கொண்டு காட்டு வழியாக இறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வருவான். திரும்பும்போது உப்பு, மண்ணெண்ணெய், துணிமணி என்று யாராவது சொல்லிவிட்டதைச் சுமந்துகொண்டு ஏறுவான். நாங்கள் வெறுங்கையோடு ஏறினாலே பாதி வழியில் உட்கார்ந்துவிடும் மலை அது. அவன் சுமையோடு பேசிக்கொண்டே ஏறுவான். முதன்முதலில் நான் பார்த்தபோது அவன் உடம்பில் பிடித்து இழுக்கக் கூடச் சதை கிடையாது.

ஆனால் சாப்பாடு! ஒரு பெரிய குண்டானில் கேழ்வரகுக் களியைக் கிண்டி வைத்தால் அவன் பங்கு பாதிக்கு மேல் போய்விடும். அதன் மேல் மரவள்ளிக் கிழங்கு. நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அவன் சாப்பிட்டு முடித்துவிட்டு, வட்டிலில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வான். ஒரு துளி மிஞ்சாது.

அவனுக்கு வண்டி மேல் ஆசை. மண் வெட்டிய நேரம் போக என் வண்டியைத் துடைப்பான், தண்ணீர் ஊற்றுவான், பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். நான்தான் பழக்கிவிட்டேன். லைசென்ஸ் வாங்கி அவன் முதன்முதலாகத் தனியாக லாரியை மலைமேல் கொண்டுபோன அன்று, அவன் ஊர் ஆட்கள் குறுக்கு வழியில் இறங்கி வந்து ரோட்டோரம் நின்றார்கள். மலைக்காரன் ஒருவன் லாரி ஓட்டுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் மனைவி செம்பாயி கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "அப்பன் பாரு கண்ணு, அப்பன் பாரு" என்று காட்டினாள்.

அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் நடந்ததைத்தான் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஏனென்றால் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

காண்ட்ராக்டருக்கு ஒரு நாளில் லாரி போய்வரும் நடைகள் அதிகமாக வேண்டும். டிரைவர்கள் சோர்ந்துவிடக் கூடாது. அதனால் அடிவாரத்து டீக்கடையில் டிரைவர்களுக்கு மட்டும் அவர் கணக்கில் டீயும் பலகாரமும் உண்டு. ஒவ்வொரு நடை இறங்கி வந்ததும் லோடு ஏறுகிற வரைக்கும் கடை முன்னால் உட்கார்ந்திருப்போம். கடைக்காரர் கேட்காமலே டீயை நீட்டுவார். சர்க்கரை அடியில் கரையாமல் நிற்கும். கூடவே போண்டாவோ பன்னோ. மத்தியானம் மெஸ்ஸில் மில் அரிசிச் சோறு. சடையன் வீட்டில் அரிசிச் சோறு என்பது கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பார்த்தது. இங்கே அது தினமும், கேட்கக் கேட்கப் போட்டார்கள். களி சாப்பிட்ட அதே அளவுக்கு அவன் சோறு சாப்பிட்டான். முன்னால் அவன் அப்படிச் சாப்பிட்டது தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு மலை ஏறுவதற்கு. இப்போது அவன் மலை ஏறியது சீட்டில் உட்கார்ந்து.

இன்னொன்றும் நடந்தது. ஆரம்பத்தில், வேலை முடிந்ததும் ரோடு நிற்கும் இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு நடந்து போவான். நல்ல நடை, செங்குத்தான நடை. ரோடு மேலே போகப் போக அந்த நடை குறைந்துகொண்டே வந்தது. அவன் கொண்டுவந்து கொட்டிய ஜல்லிதான் அவன் நடையைச் சாப்பிட்டது. பிறகு டிரைவர்களுக்கென்று முகாமில் தகரக் கூரை போட்ட வீடுகள் கட்டினார்கள். செம்பாயியும் பிள்ளைகளும் கீழே வந்துவிட்டார்கள். பெரியவனை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதோடு அந்த நடையும் நின்றது.

சடையன் பெருத்தான். முதலில் கன்னம், பிறகு கழுத்து, பிறகு வயிறு. எல்லோருக்கும் சந்தோஷம். நன்றாக நினைவிருக்கிறது, ஒரு நாள் அவன் ஊர்ப் பெரியவர் ஒருவர் சந்தைக்குப் போகிற வழியில் அவனைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஊடு செழிச்சுப் போச்சாட்ட இருக்குது, ஆளே அடையாளம் தெரியலியே" என்றார். செம்பாயிக்கு முகம் நிறைந்த சிரிப்பு. அவனுக்குப் புதுச் சட்டை தைத்தாள், அது பற்றாமல் இன்னொன்று தைத்தாள். பட்டினி தெரிந்த ஊரில் தொப்பை என்பது வியாதி இல்லை, தம்பிகளே. அது போட்டுக்கொள்ளும் நகை மாதிரி.

நான் ஏன் பெருத்துவிடவில்லை என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு சாமர்த்தியமும் கிடையாது. என் மனைவி முகாமுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் நான் தினமும் பேளுக்குறிச்சிக்கும் முகாமுக்கும் சைக்கிள் மிதித்தேன். திட்டிக்கொண்டேதான் மிதித்தேன்.

பிறகு சடையன் தூங்க ஆரம்பித்தான். லோடு ஏறும்போது ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவான். டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவான். பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வார்த்தையில் கண் சொருகும். அவன் குறட்டையால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். காலையில் எழுந்தால் தலைவலி என்பான், எரிந்து விழுவான். தூக்கத்தை விரட்ட இன்னும் ஒரு டீ, இன்னும் ஒரு போண்டா. நாங்கள் அவனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தோம். அவனும் சிரித்தான். ஒரு தடவை வண்டியின் ஓரம் சுவரில் உரசியிருந்தது. இன்னொரு தடவை ஓரக்கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. கேட்டால், எதிரில் மாடு வந்தது என்றான்.

ரோடு வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் வேறு மாதிரி நினைத்தார். அப்போது மதுவிலக்கு இருந்தது. மலைப்பக்கம் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று அடிக்கடி பேச்சு வரும். கண் சிவந்து, முகம் உப்பி, நாக்குக் குழறி நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். "உங்க ஆளு போடறான்யா. ஒரு நாள் கையும் களவுமாப் புடிச்சு போலீஸ்ல குடுத்துருவேன்" என்று என்னிடம் சொல்லிவைத்தார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முற்பகல் நேரம். நான் காலி வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது அன்றும் விதி. கீழே எஞ்சின் முனகல் கேட்டதால், ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் மலைச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். சடையனுடைய லாரி வளைவு திரும்பி வந்தது. அரை லோடு ஜல்லி. ஜல்லியின் மேல் சித்தாள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், சும்மாடும் சாப்பாட்டுத் தூக்குப்போசியுமாக. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. அந்த இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இடது கைப் பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் இன்னும் கட்டவில்லை.

வண்டி நேராக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சடையனின் மோவாய் நெஞ்சில் கிடந்தது. காலின் பாரமே ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது.

என் கை ஹார்னுக்குப் போனது. போனதை இழுத்துக்கொண்டேன்.

சேலம் ரோட்டில் முன்பு ஒரு முறை, எதிரே வந்த மாட்டு வண்டியில் வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன பஸ்காரர் ஹார்னை அலற விட்டார். திடுக்கிட்டு எழுந்தவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கயிற்றை இழுத்து, மாட்டைப் பஸ்ஸுக்கே குறுக்கே கொண்டுவந்தார். அன்றைக்கு நின்று பார்த்தவன் நான். தூக்கத்திலிருந்து எழுகிற ஆளுக்கு முதல் நொடியில் வலது எது, இடது எது என்று தெரியாது. இங்கே இடதுக்கு ஒரு முழம்கூட மிச்சமில்லை.

இறங்கி ஓடினேன். கத்தவில்லை. மேலே இருந்த பெண்களில் அங்காயி என்ற அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். கையைக் காட்டினேன், அடக்கிக்கொண்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டிரைவர் பக்கத்துப் படியில் தாவி ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே கையை விட்டு, ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். நெஞ்சுக்கூடு விட்டுப்போகிற மாதிரி இழுத்தேன். வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு மலைப் பக்கம் வந்து, புதிதாக வெட்டிப் போட்டிருந்த மண் சரிவில் முட்டியது. என் முதுகு மண்ணில் தேய்ந்து சட்டை கிழிந்தது. எஞ்சின் உதறிவிட்டு நின்றது.

அப்போதுதான் கண் விழித்தான். என் கை அவன் நெஞ்சின் குறுக்கே இருந்ததைப் பார்த்து, "என்னங்கண்ணா?" என்றான்.

"பிரேக்க மிதி. மிதிச்சுக்கிட்டே இரு" என்றேன்.

அதற்குள் பெண்கள் குதித்துக் கல்லை உருட்டிக்கொண்டுவந்து பின் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டார்கள். நான் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்தேன். இடது பின் சக்கரத்தின் தடம் ரோட்டின் விளிம்பை ஒட்டி, ஒரு இடத்தில் விளிம்பைத் தாண்டியே போயிருந்தது. அங்கே மண் உதிர்ந்து, கீழே இருந்த மூங்கில் தெரிந்தது. ஒரு பெண் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும் மற்றவர்களும் அழுதார்கள்.

சடையன் இறங்கி வந்து அந்தத் தடத்தைப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணா, பிரேக்கு புடிக்கலீன்னு சொல்லிப்போடுங்கண்ணா. உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க. எம் பொழப்புங்கண்ணா."

மேலேயிருந்து ஓவர்சியர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

தம்பிகளே, உங்கள் தொழிலில் இந்த மாதிரி ஒரு நேரம் வரும். லாரியைத் திருப்பியது எனக்குப் பெரிய காரியமில்லை, அது உடம்பே செய்துவிட்டது. ஓவர்சியர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் முடிவு செய்ய வேண்டியிருந்ததுதான் கஷ்டம். பிரேக் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். வண்டியை ஷெட்டுக்குத் தள்ளுவார்கள், அவன் வேறு வண்டி எடுப்பான். பெண்கள் மறுபடியும் அவன் பின்னால் ஏறி உட்காருவார்கள். தூங்கிவிட்டான் என்று சொன்னால் வேலை போகும், வீடு போகும், பையனின் பள்ளிக்கூடம் போகும். பேசாமல் இருந்தால் ஓவர்சியர் குடி என்று முடிவு கட்டி அவனைப் போலீஸில் கொடுப்பார்.

ஓவர்சியர் வந்ததும் வராததுமாகச் சடையனின் சட்டையைப் பிடித்தார். "குடிச்சுட்டு வண்டி ஏறினியாடா?"

அங்காயியம்மாள்தான் முதலில் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயை மோந்து பாருங்க. பன்னு வாசந்தான் வரும். குடிக்கிற ஆளுன்னா நாங்க ஏறுவமுங்களா?" என்றார்.

"பின்ன என்னம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தூங்கிட்டானுங்க. குடியும் இல்ல, பிரேக்கும் இல்ல. ஒடம்புல ஏதோ கோளாறு. போலீசு வேண்டாம், நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா டாக்டர் சொல்ற வரைக்கும் இவன் வண்டி தொடக் கூடாதுங்க" என்றேன்.

சடையன் என் கையை விட்டுவிட்டான்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான், சடையன், செம்பாயி மூவரும் பஸ்ஸில் போனோம். கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவன் தூங்கிவிட்டான், குறட்டையோடு. மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். எங்களைக் கூப்பிட வெளியே வந்த டாக்டர் சிரிக்கவில்லை. எங்களைக் கூப்பிடாமல் எதிரில் நின்று கொஞ்ச நேரம் அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை திடீரென்று நின்றது. மூச்சும் நின்றது. பிறகு தண்ணீரில் மூழ்கி எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்துத் திரும்பவும் குறட்டை.

"ராத்திரியிலயும் இப்படித்தானா?" என்று செம்பாயியைக் கேட்டார்.

"ஆமாங்க சாமி. நின்னு நின்னு வருமுங்க. பயந்துகிட்டு நான் பக்கத்துல குந்தியே இருப்பனுங்க. நின்னா உலுக்கி உடுவேன்."

அவள் அப்படி உட்கார்ந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் குறட்டையை மட்டும் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

டாக்டர் அவனை எழுப்பி, எடை பார்த்து, கழுத்தைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் உடம்பைப் பற்றி இல்லை. என்ன வேலை, முன்னால் என்ன வேலை, வீடு எங்கே, எப்படிப் போவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், எவ்வளவு டீ, யார் வாங்கித் தருகிறார்கள். சடையன் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னான். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"இது சுமைகாரன் சாப்பாடு. சுமைகாரன் சாப்பிட்டா சரிதான். நீங்க சுமையை எறக்கி வச்சுட்டீங்க, சாப்பாட்டை எறக்கி வைக்கல. அதுக்கு மேல சர்க்கரை. கொழுப்பு கழுத்துக்குள்ளயும் சேந்து மூச்சுக்குழாயை அடைக்குது. படுத்தா மூச்சு நிக்குது, அதனால நீங்க தூங்கறது தூக்கமே இல்ல. பகல்ல கண்ணு சொருகுது. அதுக்கு டீ குடிக்கறீங்க. அந்த டீயே இன்னும் கொழுப்பாகுது. இந்தச் சக்கரத்தை எங்கயாவது நிறுத்தணும்."

"மருந்து குடுங்க சாமி" என்றாள் செம்பாயி.

"மருந்து இல்லம்மா. எடை குறையணும். அதுவரைக்கும் இவர் வண்டி ஓட்டக் கூடாது."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். சடையன் அப்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தான். "குடிச்சேன்னு சொல்லியிருந்தாக்கூட ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருப்பனுங்க. தின்னே கெட்டவன்னு ஆக்கிப்போட்டீங்களே. நான் எப்படிங்க எங்க ஊர்ல மூஞ்சியக் காட்டறது?"

பிறகு அவனாகவே ஒரு பழைய கதையைச் சொன்னான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மழை இல்லாத ஒரு வருஷம் சாமை விளையவில்லை. அவன் அப்பன் காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டு வருவாராம். ஆழமாக இருக்குமாம், நாள் முழுக்கத் தோண்டினாலும் சில நாள் ஒன்றும் கிடைக்காதாம். அவன் தங்கச்சி ஒருத்தி அந்த வருஷம்தான் இறந்தாள். "முன்னால சோறு வச்சா எனக்கு எந்திரிக்க முடியாதுங்கண்ணா. வவுறு போதும்னு சொல்லும். கை நிக்காது" என்றான்.

நான் அவனோடு பழகிய அத்தனை வருஷத்தில் அவன் வட்டிலை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவன் பெருத்துவிட்டால் உடனே அவன் தீனியைத்தான் குறை சொல்கிறோம், அவன் கட்டுப்பாட்டைக் குறை சொல்கிறோம். சடையன் முகாமிலேயே கடுமையாக உழைத்தவன். அவனைப் பெருத்துப்போக வைத்தது சீட்டும், சர்க்கரையும், ஓசி டீயும், குறைந்துபோன நடையும், எப்போதோ கிடந்த பட்டினியும். இதில் ஒன்றுகூட அவன் கேட்டு வாங்கியது இல்லை.

காண்ட்ராக்டரிடம் நான் போய்ப் பேசினேன். அவனுக்கு ரோடு கேங்கில் வேலை போட்டுக் கொடுங்கள், சரிந்து விழுகிற கல்லைப் பொறுக்கி, ஓடையை வெட்டிவிட்டு, நடந்துகொண்டே இருக்கிற வேலை என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷன்தான். டிரைவர்களுக்கு நடைக்கு நடை பலகாரம் கொடுப்பதைக் குறைத்து, நடுவில் கொஞ்சம் இறங்கி நடக்க நேரம் கொடுங்கள் என்றும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். "சோத்தக் கொறைக்கச் சொல்லிக் கேக்கற முதல் டிரைவர் நீதானய்யா. மத்தவங்க என்னைக் கஞ்சன்னு சொல்லட்டும்னா?" என்றார். மற்ற டிரைவர்களுக்கும் அந்தப் பேச்சு எட்டியது. சில நாள் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேங்கு வேலைக்காரர்களுக்கு முகாமில் வீடு கிடையாது. செம்பாயி பானை சட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மேலே போனாள். பையன் புத்தகப் பையோடு நடந்தான். மேலே பள்ளிக்கூடம் தூரம்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியது. ரோட்டில் அவனைத் தூரத்தில் பார்ப்பேன். கூடையோடு நடந்துகொண்டிருப்பான். மாதத்துக்கு மாதம் சட்டை தொளதொளத்துக்கொண்டே வந்தது. நான் ஹார்ன் அடிப்பேன். கையைத் தூக்குவான், அவ்வளவுதான். இடையில் ஒரு முறை செம்பாயியே அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். அதே டாக்டர், இனி ஓட்டலாம், ஆனால் பழையபடி ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாராம்.

அது தெரிந்ததும் நான் ஓவர்சியரைப் பிடித்தேன். நச்சரித்துச் சம்மதம் வாங்கிக்கொண்டு, லாரியை ரோடு முடிகிற இடத்தில் விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். மூச்சு வாங்கியது. சாமைக் காட்டு ஓரத்தில் பலா மரத்தடியில் சடையன் படுத்திருந்தான். கேங்கு லீவு. செம்பாயி களை பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"தூங்கறாருங்கண்ணா. சத்தமே இல்லாமத் தூங்கறாரு பாருங்க" என்றாள்.

நின்று கேட்டேன். நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அவள் முகத்திலும் சதை கொஞ்சம் பிடித்திருந்தது. அவளும் தூங்கியிருக்கிறாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். வண்டி கிடைக்கும், முகாம் வீடும் கிடைக்கும் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த களையை மண் உதறி வரப்பில் போட்டாள்.

"பையனுக்குப் பள்ளிக்கூடம் ஆவுமுங்க. அது ஒண்ணுதான் எனக்குக் கொறை. ஆனா அங்க வந்தா இவரு மறுக்கா அப்படித்தான் ஆவாரு. பொழப்பு இருந்தா ஒடம்பு இல்ல, ஒடம்பு இருந்தா பொழப்பு இல்ல. எதைங்கண்ணா எடுக்கறது?"



பேச்சுச் சத்தத்தில் சடையன் எழுந்துவிட்டான். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"டிரைவருங்களுக்கு அந்த டீக்கடைக் கணக்கு இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்ப நான் வரலீங்கண்ணா" என்றான். "டாக்டரு சொன்னது ஞாபகம் இருக்குதுங்க. ஆனா என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நீட்டினா வாங்குவேன், வச்சா தின்னுருவேன். அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க அழுதது இன்னும் காதுல இருக்குது." பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். "நீங்க அன்னிக்குப் பிரேக்குன்னு சொல்லலீன்னு ரொம்ப நாளு கறுவிட்டு இருந்தனுங்க. இப்ப இல்லீங்க. களி இருக்குது, உண்டுபோட்டுப் போங்க."

உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனும் சாப்பிட்டான். எப்போதும் போல வட்டிலை வழித்தான்.

சடையன் கேங்கிலேயே இருந்தான். பையனைச் செம்பாயி பேளுக்குறிச்சியில் தன் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தாள்.

அவன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்கள். அவனும் மலைக்காரன். அதே மாதிரி சுமை தூக்கிக்கொண்டிருந்தவன், எலும்பும் நரம்புமான உடம்பு, நல்ல கை. முதல் நடை முடித்து இறங்கி வந்ததும் கடைக்காரர் டீயையும் ஒரு தட்டு போண்டாவையும் நீட்டினார். இதெல்லாம் தனக்கா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சடையன் கதையை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னேன். தின்றுகொண்டே முழுவதையும் கேட்டான், மரியாதையாகத் தலையை ஆட்டினான். கடைசியில் தட்டில் இருந்த தூளையும் திரட்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. மொதல்ல ஒருக்கா வவுறு நெறையட்டுமுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."